டபுள் கெப்புக்கு வேறு ரிம் போடப் போகிறீர்களா? கலிப்பரில் முட்டாத ரிம்மைத் தேர்ந்தெடுக்கும் முழு வழி

கொழும்பில் டபுள் கெப் வைத்திருப்பவர்கள் ரிம் மாற்றுவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் பேச்சு முதலில் டிசைனுக்குப் போகும், அப்புறம் விலைக்குப் போகும், கடைசியில் "ஆறு போல்ட்தானே, எல்லாம் போகும்" என்று யாராவது சொல்வார்கள், அத்தோடு முடிந்துவிடும். பிரேக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் பஞ்சிகாவத்தையில் ஒரு செட் ரிம் வாங்கி, டயரும் ஏற்றி, வண்டியில் மாட்டி, கையால் சுற்றிப் பார்க்கும்போது "கிரீச்" என்று ஒரு சத்தம் வந்தால், அந்தச் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் முன் பிரேக்கின் கலிப்பர்தான், அதாவது சில்லோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பேட்களுக்கு இடையே கவ்விப் பிடிக்கும் பகுதி. டயர் ஏற்றிய ரிம்மைக் கடைக்காரர் திருப்பி எடுப்பது அபூர்வம். அதனால் இந்த வேலையைக் காசு கொடுப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டும். வீட்டு முற்றத்தில், ஒரு காட்போட் மட்டையையும் அடிமட்டத்தையும் வைத்தே செய்யலாம்.

லேசாகத்தானே உரசுகிறது, ஓட ஓடத் தேய்ந்து சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். கலிப்பர் என்பது பிரேக் ஓயிலின் அழுத்தத்தைத் தாங்கும் வார்ப்பு உலோகம், ரிம் என்பது இரண்டு தொன்னுக்கு மேல் வரும் வண்டியைச் சுமக்கும் அலுமினியம். இரண்டும் உரசினால் ரிம்மின் உள்சுவரில் வட்டமாக ஒரு கோடு விழும், அந்தக் கோடு ஆழமாகி ஆழமாகி அந்த இடம் மெலியும், பிறகு ஒருநாள் ஒரு பள்ளத்தில் விழும்போது வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

ரிம்மில் எழுதியிருக்கும் எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை

ஒரு ரிம்மின் பின்புறத்தைப் பார்த்தால் 17×8ஜே, ஈடி 20, 6×139.7 என்று வார்த்திருப்பார்கள். 17 என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம், அங்குலத்தில். 8 என்பது டயரின் இரண்டு ஓரங்களும் உட்காரும் இடங்களுக்கு இடையிலான அகலம். 6×139.7 என்பது பிசிடி, அதாவது ஆறு ஓட்டைகள் 139.7 மிமீ விட்டமுள்ள வட்டத்தில் இருக்கின்றன. ஈடி என்பது ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் (வண்டியில் ரிம் பூட்டப்படும் சுழலும் நடுப்பகுதி) போய் ஒட்டும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம்.

இவற்றில் ஒன்றுகூட ஸ்போக்கின், அதாவது ரிம்மின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கையின், பின்புறம் எப்படி வளைந்திருக்கிறது என்று சொல்வதில்லை. உள்சுவர் எவ்வளவு தடிப்பு, டயர் ஏற்றுவதற்காக நடுவில் விட்டிருக்கும் பள்ளம் உள்ளே எங்கே புடைத்து வருகிறது என்றும் சொல்வதில்லை. ஒரே அளவு, ஒரே ஈடி உள்ள இரண்டு ரிம்களில் ஒன்று உங்கள் கலிப்பருக்கு மேல் தாராளமாகச் சுற்றும், மற்றது முதல் சுற்றிலேயே முட்டும். "என் கூட்டாளியின் ஹைலக்ஸுக்கு இதே 17 இஞ்சி ஈடி 20 சரியாக இருந்தது" என்ற பேச்சுக்குப் பெறுமதி கிடையாது, அவர் போட்டிருப்பது இதே டிசைன், வண்டியும் இதே மொடல் என்றால் தவிர.

இணையத்தில் கிடைக்கும் பொருத்தப் பட்டியல்களையும் முழுக்க நம்ப வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இங்கே பழைய கெப்களைப் பிடித்துவைத்து ஓட்டியவர்கள் நிறையப் பேர், அவர்களில் சிலர் பிரேக் போதவில்லை என்று புதிய மொடலின் டிஸ்க்கையும் கலிப்பரையும் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். அப்படியான வண்டியை இரண்டாம் கையாக வாங்கியிருந்தால் உங்கள் பிரேக் பட்டியலில் இருக்கும் பிரேக்கே அல்ல.

முதல் வேலை: உங்கள் வண்டியின் ஹப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்த விஷயம், தேடினால் கிடைக்கும். ஹைலக்ஸ் 4×4, எல்200, டி-மேக்ஸ், ரேஞ்சர் எல்லாம் பிசிடி 6×139.7. அதனால்தான் "ஆறு போல்ட் எல்லாம் ஒன்று" என்ற நினைப்பு வந்தது. ஆனால் நிசான் நவாராவின் டி40, அதற்குப் பிறகு வந்த என்பி300 இரண்டும் 6×114.3. வொக்ஸ்வாகன் அமரொக்கின் முதல் தலைமுறை 5×120. இவற்றுக்கு ரிம் கிடைப்பது குறைவு, பொறுமையாகத் தேட வேண்டும்.

பிசிடி ஒன்றாக இருந்தாலும் நடு ஓட்டை ஒன்றல்ல, நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஹைலக்ஸின் ஹப் 106.1 மிமீ. எல்200 இல் 67.1 மிமீ. ரேஞ்சரில் 93.1 மிமீ. பஜேரோவில் இருந்து கழற்றிய ரிம் எல்200 இன் ஹப்பில் அச்சாக உட்காரும், ஹைலக்ஸின் ஹப்பில் ஏறவே ஏறாது. மறுபக்கம், பிராடோவின் ரிம் ஹைலக்ஸில் அழகாக உட்காரும், எல்200 இல் போட்டால் ஹப்பைச் சுற்றிலும் 19.5 மிமீ வெளி இருக்கும், அதற்கு ஹப் ரிங் (அந்த வெளியை நிரப்பும் வளையம்) போடாவிட்டால் ரிம் நடுவில் நிற்பது நட்டுகளை நம்பித்தான். வெளியே வாங்கும் ரிம்கள் பெரும்பாலும் 106 இலிருந்து 110 வரை ஓட்டை விட்டு வருகின்றன, ஆகவே எல்200, ரேஞ்சர் வைத்திருப்பவர்கள் ஹப் ரிங்குக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.

பழைய 4×4 கெப்களில் முன் ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்டும் லொக் இருக்கும். அது ரிம்மின் நடு ஓட்டை வழியாக வெளியே நீட்டி நிற்கும். மூடிய மூக்குள்ள ரிம் அதற்கு உதவாது.

இரண்டாம் வேலை: டயரைக் கழற்றி கலிப்பரைப் பாருங்கள்

சமதரையில் நிறுத்தி, பின் டயருக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, கீழே ஸ்டேண்ட் வைத்த பிறகே கையை உள்ளே விடுங்கள். பெரும்பாலான கெப்களில் பின்பக்கம் டிரம் பிரேக்தான், அது ரிம்மில் முட்டுவது அரிது, தீர்ப்புச் சொல்வது முன் கலிப்பர்தான். பின்னுக்கும் டிஸ்க் உள்ள வண்டி என்றால் இதே அளவுகளை அங்கேயும் எடுங்கள்.

டயர் கழன்றதும் இரண்டு மூன்று நட்டுகளைத் திருப்பிப் போட்டு டிஸ்க்கை ஹப்போடு இறுக்கிக்கொள்ளுங்கள். இதை விட்டால் டிஸ்க் லேசாக ஆடும், அளவு பிழைக்கும்.

இப்போது கலிப்பர் ரிம்மில் முட்டக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று கலிப்பரின் முதுகு, அதாவது ஹப்பின் நடுவிலிருந்து அதிக தூரத்தில் இருக்கும் மேடு, இது ரிம்மின் உள்சுவரில் முட்டும். மற்றது கலிப்பரின் முகம், அதாவது உங்களைப் பார்த்து வெளியே துருத்தும் பக்கம், இது ஸ்போக்கின் பின்புறத்தில் முட்டும். இந்த இரண்டு இடைவெளிகளையும் தனித்தனியாக மனதில் வையுங்கள், ஏனென்றால் ஒன்றுக்கு உதவும் வைத்தியம் மற்றதற்கு உதவாது.

கலிப்பரில் இரண்டு வகை உண்டு. ஹைலக்ஸ் 4×4 இல் வருவது நான்கு பிஸ்டன் உள்ள நிலையான கலிப்பர், இரண்டு பிஸ்டன் உள்ளே, இரண்டு பிஸ்டன் வெளியே. வெளிப்பக்கத்திலும் பிஸ்டன் இருப்பதால் அதன் முகம் தடித்து, ஸ்போக்கை நோக்கி நன்றாக வெளியே வந்திருக்கும். எல்200, நவாரா, ரேஞ்சர், டி-மேக்ஸ் எல்லாவற்றிலும் இரண்டு பிஸ்டனும் உள்பக்கத்திலேயே இருக்கும் நகரும் கலிப்பர். இதில் வெளிப்பக்கம் வெறும் விரல் மாதிரியான பகுதிதான், மெலிதாக இருக்கும்.

ஆனால் நகரும் கலிப்பரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இதை யாரும் சொல்லிக் கேட்பது குறைவு. வெளி பேட் தேயத் தேய கலிப்பர் முழுவதும் வண்டியின் உள்பக்கமாக நகரும். தேய்ந்த பேட்டோடு அளந்தால் ஸ்போக்குக்கு நிறைய இடம் இருப்பது போலத் தெரியும். புது பேட் போட்ட அன்றைக்குக் கலிப்பர் அத்தனை மில்லிமீற்றரும் வெளியே வந்துவிடும், ஆறு மாதமாகச் சத்தமில்லாமல் ஓடிய ரிம் அன்றைக்கு உரசத் தொடங்கும். அதனால் பேட் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் முதலில் பேட்டை மாற்றுங்கள், பிறகு அளவெடுங்கள். அது முடியாவிட்டால் தேய்ந்த வெளி பேட்டின் தடிப்பைப் புது பேட்டின் தடிப்பிலிருந்து கழித்து, வரும் வித்தியாசத்தை முகத்தின் அளவோடு கூட்டிக்கொள்ளுங்கள். டிஸ்க்கும் தேய்ந்து விளிம்பு கட்டியிருந்தால் இன்னும் ஒரு மில்லிமீற்றர் சேருங்கள்.

நிலையான கலிப்பரில் இந்தப் பிரச்சினை இல்லை. அது பூட்டிய இடத்திலேயே நிற்கும்.

மூன்றாம் வேலை: மட்டை வெட்டுவது

முழு வேலையிலும் முக்கியமானது இதுதான். தையல்காரரிடம் அளவுச் சட்டை கொண்டுபோவது போல, நீங்கள் கடைக்குக் கலிப்பரின் அளவு மட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்கள்.

டிவி, ஃபேன் வந்த பெட்டியின் மட்டை காணும். கொஞ்சம் விறைப்பானதாக இருக்கட்டும். சுமார் 30 சதமமீற்றர் நீளம், 20 சதமமீற்றர் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, அதில் நீளவாக்கில் ஒரு நேர்கோடு போடுங்கள். இது ஹப்பின் முகம், அதாவது ரிம் வந்து ஒட்டும் தளம். அந்தக் கோட்டின் ஒரு முனையில் செங்குத்தாக இன்னொரு கோடு. இது ஹப்பின் நடு அச்சு.

இனி வண்டியில் அளவு. ரிம் ஒட்டும் தளத்தின் மேல், அதாவது டிஸ்க்கின் தொப்பி முகத்தில், ஒரு நீளமான நேர்ச்சட்டத்தை வைத்து அது கலிப்பரின் பக்கமாக நீட்டி நிற்கும்படி பிடியுங்கள். கலிப்பரின் முகம் அந்தச் சட்டத்துக்கு உள்ளே நின்றால் நல்லது, எத்தனை மிமீ உள்ளே என்று குறியுங்கள். சட்டத்தை வைக்கவே விடாமல் கலிப்பர் வெளியே துருத்தினால், ஒரே தடிப்புள்ள இரண்டு மரக்கட்டைகளைத் தொப்பி முகத்தில் வைத்து அவற்றின் மேல் சட்டத்தை வையுங்கள், பிறகு கட்டையின் தடிப்பிலிருந்து சட்டத்துக்கும் கலிப்பருக்கும் இடையே உள்ள தூரத்தைக் கழித்தால் எவ்வளவு வெளியே துருத்துகிறது என்று தெரியும். ஒரு இடத்தில் மட்டும் அளந்துவிட்டு எழும்பாதீர்கள். ஹப்பின் நடுவிலிருந்து 12 சதமமீற்றரில் எவ்வளவு, 14 இல் எவ்வளவு, 16 இல் எவ்வளவு, முதுகு வளையும் இடத்தில் எவ்வளவு என்று நான்கைந்து புள்ளிகள் வேண்டும். மூலையில் இருக்கும் போல்ட் தலை, வார்ப்பில் உள்ள சின்ன மேடு, இவைதான் பின்னால் தொல்லை தருபவை, அவற்றையும் விடாமல் அளக்கவும்.

நடுவிலிருந்து முதுகின் உச்சிக்கு உள்ள தூரத்தை நேரடியாக அளப்பது கஷ்டம், நடுவில் ஹப் மூடி இருக்கும். மூடியின் ஓரத்திலிருந்து உச்சிக்கு அளந்து, மூடியின் விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள். கலிப்பரின் இரு முனைகளிலும் இதே அளவை எடுங்கள், உச்சி எப்போதும் நடுவில் இருப்பதில்லை.

புள்ளிகளை மட்டையில் குறித்து இணைத்தால் கலிப்பரின் பக்கவாட்டு உருவம் கிடைக்கும். அதற்கு வெளியே ஸ்போக் பக்கமாக 3 மிமீ, உள்சுவர் பக்கமாக 5 மிமீ கூட்டி இரண்டாவது கோடு வரைந்து, அந்தக் கோட்டில் வெட்டுங்கள். ஸ்போக் பக்கம் 3 மிமீ என்பது நான் விடும் குறைந்தபட்ச எல்லை. வளைவில் பாரம் ஏறும்போது ரிம் கொஞ்சம் நெளியும், வீல் பெயாரிங்கில் சின்ன ஆட்டம் இருக்கும், சூட்டில் எல்லாம் விரியும், அதற்கெல்லாம் சேர்த்துத்தான் அது. உள்சுவர் பக்கம் கூடுதலாகக் கேட்பது பெலன்ஸ் எடைகளுக்காக. ஒட்டும் வகை எடைகள் ஸ்போக்குக்குப் பின்னால், நேராகக் கலிப்பரின் முதுகுக்கு மேலே வரும் இடத்தில்தான் ஒட்டப்படுகின்றன, நாடாவோடு சேர்த்து 4 மிமீ வரை தடிப்பு. தோட்டப் பாதைகளில், கிரவல் றோட்டில் அதிகம் ஓடும் வண்டி என்றால் உள்சுவர் பக்கம் 8 மிமீயாவது விடுங்கள், சின்னக் கல் ஒன்று இடையில் சிக்கினால் ரிம்மைச் சுற்றிலும் உழுதுவிடும்.

மட்டையில் உங்கள் வண்டி, மொடல், முன் பக்கம், புது பேட் என்று எழுதி வையுங்கள்.

ஈடி கணக்கு

ஈடி குறைந்தால் பிரேக்குக்கு இடம் கூடும் என்று பலரும் சொல்வார்கள். இது பாதி உண்மை. ஈடி குறையும்போது ரிம்மின் சிலிண்டர் பகுதி வெளியே நகரும், அவ்வளவுதான் உறுதி. ஸ்போக் எங்கே போகிறது என்பது டிசைனைப் பொறுத்தது. உள்ளே குழிந்து போகும் டிசைன்களில், இப்போது அதுதான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, ஸ்போக் ஹப்பை நோக்கிச் சரிந்து வருகிறது, ஈடி பூச்சியம் என்றாலும் கலிப்பரின் முகத்தில் போய் முட்டலாம். ஸ்போக் முதலில் வெளியே புடைத்துப் பிறகு விளிம்புக்குப் போகும் டிசைனில், ஈடி 30 என்றாலும் தாராளமாக இடம் இருக்கும்.

ஈடி உங்களுக்கு உண்மையில் உதவுவது டயர் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட. ரிம்மின் முழு அகலம் எழுதியிருப்பதை விடச் சுமார் ஒரு அங்குலம் அதிகம், இரு பக்க உதடுகளும் சேர்வதால். பழைய ரிம் 7.5ஜே, ஈடி 30 என்று வைப்போம். 8.5 அங்குலத்தில் பாதி 108 மிமீ, அதோடு 30 கூட்டினால் உள் விளிம்பு ஹப் முகத்திலிருந்து 138 மிமீ உள்ளே, 30 கழித்தால் வெளி விளிம்பு 78 மிமீ வெளியே. புதியது 8ஜே, ஈடி 20 என்றால் உள்ளே 134, வெளியே 94. அதாவது வெளியே 16 மிமீ நகர்கிறது, பார்க்க நன்றாக இருக்கும், பெரிய பாதிப்பில்லை. 9ஜே, ஈடி பூச்சியம் என்றால் உள்ளே 127, வெளியே 127. பழையதை விட 49 மிமீ வெளியே நீட்டும். மழையில் சேறு முழுவதும் கதவில், ஸ்டியரிங் பள்ளங்களில் கையை இழுக்கும், வீல் பெயாரிங்குக்கும் சுமை கூடும். பாரம் ஏற்றி வேலை வாங்கும் கெப்புக்கு, கம்பனி ஈடியிலிருந்து 20, 25 மிமீக்கு மேல் இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

சின்ன ரிம்முக்கு இறங்குபவர்கள் கவனம்

பெரிய ரிம்முக்குப் போகிறவர்களுக்குக் கலிப்பரின் முதுகுப் பக்கத்தில் பிரச்சினை வருவது குறைவு. மாட்டிக்கொள்வது 17 இலிருந்து 16 க்கு இறங்குபவர்கள். காரணம் நியாயமானதுதான், 265/65ஆர்17 டயரின் முழு விட்டம் சுமார் 776 மிமீ, 265/70ஆர்16 டயரும் சுமார் 777 மிமீ, உயரம் மாறாமல் தடித்த பக்கச்சுவர் கிடைக்கும், கரடுமுரடான பாதைக்கு அது சுகம். ஆனால் ரிம்மின் விட்டம் 25.4 மிமீ குறைகிறது, ஆகவே கலிப்பரின் முதுகுக்கு மேல் இருந்த இடத்தில் 12.7 மிமீ போய்விடுகிறது. உங்கள் தற்போதைய ரிம்மில் அந்த இடைவெளி 17, 18 மிமீ இருந்தால் மட்டும் 16 ஐப் பற்றி யோசியுங்கள்.

இன்னொன்று, 16 அங்குல ரிம்மில் உள் ஆரம் 203 மிமீ இருக்கும் என்று கணக்குப் போடக்கூடாது. அது டயர் உட்காரும் இடத்தின் ஆரம். சுவரின் தடிப்பு போக, நடுப்பள்ளம் உள்ளே புடைத்து வரும் இடத்தில் 180 மிமீக்குக் கிட்டவே நிற்கலாம். அந்தப் புடைப்பு கலிப்பருக்கு மேலே வருகிறதா, தள்ளி வருகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மட்டை அதைக் காட்டிவிடும்.

நான்காம் வேலை: கடையில்

டயர் ஏற்றாத வெறும் ரிம்மைக் கேளுங்கள். தரையில் ஒரு துணி விரித்து முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். ஹப்பில் ஒட்டும் தளத்தில் மட்டையின் நேர்கோடு படிய வேண்டும், நடு அச்சுக் கோடு நடு ஓட்டையின் மையத்தில் நிற்க வேண்டும். கைதவறாமல் இருக்க, நடு ஓட்டைக்குக் குறுக்கே ஒரு அடிமட்டத்தை வைத்து மையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மட்டையை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு ஸ்போக்கையும் தாண்ட வேண்டும். எங்கேயாவது மட்டை மடங்கினால், தூக்கினால், அந்த ரிம் உங்களுக்கு இல்லை. நல்ல கடைக்காரர் இதைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார், அவருக்கும் திரும்பி வரும் ரிம்மால் தலையிடிதான்.

ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் ரிம் என்றால் அதன் உடம்பையும் பாருங்கள். உள்சுவரில் வட்டமாக ஒரு பளபளப்பான கோடு இருந்தால் முந்தைய வண்டியில் அது எதிலோ உரசியிருக்கிறது. ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு, உள் விளிம்பில் வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த தடம், டயர் உட்காரும் இடத்தில் வெள்ளையாகப் பூத்த உப்பு அரிப்பு, இவை எல்லாம் விலக்க வேண்டியவை. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலுக்கு அருகில் நின்ற வண்டிகளின் ரிம்களில் இந்த அரிப்பைப் பார்க்கலாம், அதில் டயர் காற்று மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும்.

பாரம் தாங்கும் அளவைக் கட்டாயம் பாருங்கள். பின்புறத்தில் கிலோவிலோ இறாத்தலிலோ வார்த்திருப்பார்கள். வண்டியின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் பின் அச்சின் அதிகபட்சப் பாரம் இருக்கும், அதில் பாதியை விட ரிம்மின் எண் கூடுதலாக இருக்க வேண்டும். பின் அச்சு 1,700 கிலோ என்றால் ஒரு ரிம் 850 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். ஜப்பான் ரிம்மில் ஜேடபிள்யூஎல் என்று மட்டும் இருந்தால் அது பயணிகள் காருக்கான தரம், ஜேடபிள்யூஎல்-டி என்று இருந்தால் பார வாகனங்களுக்கானது. கெப்புக்கு இரண்டாவதைத் தேடுங்கள்.

ஐந்தாம் வேலை: டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை மாட்டிப் பார்ப்பது

மட்டை சரி சொன்னாலும் ஒரு ரிம்மையாவது வண்டியில் மாட்டிப் பாருங்கள். முற்பணம் கொடுத்து ஒரு ரிம்மை எடுத்து வருவதற்குக் கடைக்காரரோடு கதைத்துக்கொள்ளலாம், அல்லது வண்டியையே கடை வாசலுக்குக் கொண்டு போகலாம், காலையில் போனால் பஞ்சிகாவத்தையில் நிறுத்துவதற்கு இடம் கிடைக்கும்.

பிள்ளைகள் விளையாடும் கிளேயைக் கொஞ்சம் எடுத்து, கலிப்பரின் முதுகில் இரண்டு இடத்திலும் முகத்தில் இரண்டு இடத்திலும் 10 மிமீ உயரத்துக்கு ஒட்டுங்கள். ரிம்மை ஏற்றி, எல்லா நட்டுகளையும் குறுக்கும் நெடுக்குமாகக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பானரால் ஓரளவு இறுக்கி, கியரை நியூட்ரலில் வைத்து ரிம்மை மெதுவாகக் கையால் மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் கிளே எவ்வளவு நசுங்கி மிஞ்சியிருக்கிறதோ அதுதான் உண்மையான இடைவெளி. கத்தியால் வெட்டி அடிமட்டத்தில் அளங்கள். கிளே நசுங்கவே இல்லை என்றால் 10 மிமீக்கு மேல் இருக்கிறது, கவலையை விடுங்கள்.

ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பிப் பார்ப்பது நல்லது, ஆனால் அது மட்கார்டிலும் சஸ்பென்ஷனின் மேல் ஆர்மிலும் முட்டுகிறதா என்று பார்க்கத்தான். கலிப்பர் சில்லோடு சேர்ந்தே திரும்புவதால் பிரேக் இடைவெளி எந்தக் கோணத்திலும் மாறாது.

இடம் போதாவிட்டால்

ஸ்போக் பக்கம் இரண்டு மூன்று மிமீ மட்டும் குறைந்தால் ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே வைக்கும் தட்டு) போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் கணக்கோடு. வெறுமனே செருகும் 5 மிமீ ஸ்பேசர் ஸ்டட்டின் நீளத்தில் 5 மிமீயைத் தின்றுவிடும். நட் ஸ்டட்டில் பிடிக்க வேண்டிய நீளம் குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவு, 12 மிமீ. டொயோட்டா, மிட்சுபிஷியில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே 1.5 மிமீ, ஆகவே எட்டுச் சுற்று. நிசானில் 1.25 மிமீ, கிட்டத்தட்டப் பத்துச் சுற்று. ஸ்பேசர் போட்ட பிறகு இத்தனை சுற்றுக் கிடைக்காவிட்டால் நீளமான ஸ்டட் போட வேண்டும், அல்லது அந்த ரிம்மை விட வேண்டும். ஸ்பேசர் ஹப்பின் நடு விளிம்பை மூடிவிடாமல், அதற்கென்று தன் விளிம்போடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள்.

உள்சுவர் பக்கம் இடமில்லை என்றால் ஸ்பேசரால் பொதுவாகப் பயனில்லை, விட்டம் மாறாது. பெரிய ரிம்தான் தீர்வு.

கலிப்பரைக் கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்துத் தருகிறேன் என்று கராஜில் யாராவது சொன்னால் மரியாதையாக மறுத்துவிட்டு வண்டியை எடுத்து வாருங்கள். ஸ்போக்கின் பின்புறத்தைத் தேய்ப்பதும் அப்படியே. வடிவத்துக்காக வாங்கும் ஒரு சாமானுக்காக பிரேக்கை வெட்டுவது எந்த விதத்திலும் சரியில்லை.

பூட்டும் நாளில்

நட்டுகளைப் பற்றி ஒரு விஷயம். பல டொயோட்டாக்களின் சொந்த அலோய் ரிம்களுக்குத் தட்டையான வொஷரோடு வரும் நட். வெளியே வாங்கும் ரிம்கள் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு நட்டுக்கு. பழைய நட்டையே போட்டு இறுக்கினால் இறுகியது போல இருக்கும், உட்கார்ந்திருக்காது. புதிய ரிம்முக்கு ஏற்ற நட் வாங்குங்கள், நிசானுக்கு 1.25, டொயோட்டாவுக்கும் மிட்சுபிஷிக்கும் 1.5 என்று சொல்லியே கேளுங்கள். இறுக்கும் அளவு வண்டியின் கையேட்டில் இருக்கிறது, டோர்க் ரென்ச் உள்ள இடத்தில் செய்யுங்கள், காற்றுத் துப்பாக்கியால் கடைசி வரை அடிக்க இடம் கொடுக்க வேண்டாம். 50 இலிருந்து 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

பெலன்ஸ் செய்யும் தம்பியிடம் எடைகளை எங்கே ஒட்டலாம் என்று முதலே காட்டிவிடுங்கள், கலிப்பரின் முதுகுக்கு நேரே இடம் குறைவு என்றால் உள் விளிம்புப் பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்.

பூட்டிய பிறகு நகரத்துக்குள் ஒரு மெதுவான ஓட்டம், கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோ இல்லாமல். அப்புறம் பிரேக் நன்றாகச் சூடாகும் ஓர் இறக்கம் வேண்டும். அவிசாவளை தாண்டி கினிகத்தேனை வரை போய்த் திரும்பி இறங்கினால் காணும், கண்டி றோட்டில் கடுகண்ணாவை இறக்கமும் சரி. இறங்கிய பின் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சூடு ஆறியதும் டோர்ச் அடித்து ஸ்போக்குகளுக்கு இடையே பாருங்கள். ரிம்மின் உள்சுவரில் புதிய கோடு, கலிப்பரின் பெயின்டில் உரசிய தடம், விழுந்துபோன பெலன்ஸ் எடையின் நாடா, இவற்றில் ஒன்று இருந்தாலும் கழற்றி அளக்க வேண்டும்.

ஸ்பெயார் வீலை மறக்காதீர்கள். பிரேக்கைப் பெரிதாக்கிய கெப்களில் அடியில் தொங்கும் பழைய 15 அங்குல ஸ்பெயார் முன்பக்கம் ஏறாது, ஏ9 இல் நடு இரவில் முன் டயர் பஞ்சரான பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. வீட்டிலேயே ஒருமுறை முன்பக்கம் மாட்டிப் பாருங்கள், பழைய நட்டுகள் ஸ்பெயாருக்குத் தேவைப்பட்டால் ஒரு பையில் போட்டு ஜக்கோடு வையுங்கள்.

மட்டையைத் தூக்கி எறிய வேண்டாம், சீட்டுக்குப் பின்னால் வைத்திருங்கள். நகரும் கலிப்பர் உள்ள வண்டிக்காரர்கள் அடுத்தமுறை பேட் மாற்றும்போது, சில்லைப் பூட்டிய உடனே ஜக்கில் இருந்து இறக்குவதற்கு முன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிக் காட்டும்படி கராஜ் பாஸிடம் கேளுங்கள்.